நூறைத் தொட்ட பிறகு

"மாப் சைக்கோ 100" என்ற ஜப்பானிய அனிமே (அசைவூட்ட) தொடரைப் பார்ப்பவர்களின் கண்ணில் முதலில் பதிவது திரையை மறித்துக்கொண்டு வந்து நிற்கும் அந்த எண்தான். மாப் என்று எல்லோரும் அழைக்கும் ஷிகேயோ காகெயாமா, பதினான்கு வயதுப் பள்ளி மாணவன். தொடாமலேயே பொருள்களைத் தூக்கவும் ஆவிகளை ஒரு கையசைவில் கரைத்துவிடவும் வல்ல அவன், தன் ஆற்றல் யாரையாவது காயப்படுத்திவிடுமோ என்ற அச்சத்தில் கோபத்தையும் துயரத்தையும் ஆசையையும் உள்ளுக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொள்கிறான். அப்படிப் பூட்டியது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைத் திரையில் வரும் சதவீதம் காட்டுகிறது. நூறைத் தொட்டால் வெடிப்பு. இணையத்தில் இந்தத் தொடரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அந்த வெடிப்புக் காட்சிகளைத்தான் வெட்டி எடுத்துப் பகிர்கிறார்கள். அவை பகிரத் தக்கவைதான். எனினும் மூன்று சீசன்களையும் மீண்டும் மீண்டும் பார்த்த பிறகு எனக்குள் ஒரு எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. இந்தத் தொடரை எழுதியவர்கள் உண்மையில் அக்கறை கொண்டது, எண் நூறைத் தொட்ட பிறகு வரும் சில நிமிடங்களின் மீதுதான். வெடித்தவன் என்ன செய்கிறான், யாரைத் தேடிப் போகிறான், எதைப் பொறுக்கி எடுக்கிறான் என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகச் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். "ஒன்" என்ற புனைபெயரில் எழுதும் படைப்பாளர் 2012 முதல் 2017 வரை இணைய இதழொன்றில் வெளியிட்ட மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, இது. போன்ஸ் ஸ்டூடியோ அதை அனிமேயாக்கியது. முதல் சீசன் 2016இலும், இரண்டாவது 2019இலும், மூன்றாவது 2022இலும் வந்தன. மொத்தம் 37 எபிசோடுகள். முதல் இரண்டு சீசன்களை யுசுரு தாச்சிகாவாவும் மூன்றாவதைத் தகஹிரோ ஹசுயும் இயக்கினார்கள். இசை கென்ஜி கவாய். ஒன்னின் கோடுகள் முறையாக ஓவியம் பயின்றவரின் கோடுகள் போல இருக்காது. முகங்கள் கோணலாக, கைகள் அளவு தப்பி இருக்கும். கதாபாத்திரங்களை வடிவமைத்த யோஷிமிச்சி கமேதா அந்தக் கோணலைத் திருத்தி அழகாக்க முற்படாமல் அப்படியே அசைய வைத்தார். முதல் சீசனின் நிறைவுப் பாடலுக்கு மியோ சாதோ கண்ணாடியின் மேல் வண்ணம் தீட்டி, ஒவ்வொரு படமாக அழித்து மாற்றிப் படம்பிடித்திருக்கிறார். வண்ணம் கசிந்து ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கும் அந்தக் காட்சிகளை நான் ஒருமுறைகூடத் தாண்டிச் சென்றதில்லை.

ஆனால் என்னை இந்தத் தொடருக்குள் இழுத்துக் கொண்டுபோனது ஓவியமோ சண்டையோ அல்ல. ரெய்கென் அராதகா என்கிற மனிதர். மாப்பின் குரு. ஆவிகளை விரட்டித் தருவதாக அலுவலகம் நடத்துபவர். அவருக்கு ஆவி கண்ணுக்கே தெரியாது. சிறப்பு ஆற்றல் என்று துளியும் கிடையாது. பேச்சு இருக்கிறது, கோட்டு சூட்டு இருக்கிறது, சட்டைப்பையில் சமையலறை உப்பு இருக்கிறது. உண்மையான ஆவி வந்துவிட்டால் மாப்பை அழைப்பார். அதற்கு மணிக்கு முந்நூறு யென் கூலி. அது பள்ளிச் சிறுவனின் கைச்செலவுக்குப் போதுமே தவிர உழைப்புக்கு ஈடாகாது.

கடலூரில் வளர்ந்தவர்களுக்கு ரெய்கென் அயலார் ஆகமாட்டார். குழந்தை இரவில் வீறிட்டு அழுதால் மந்திரித்துக் கயிறு கட்டத் தெரிந்தவரிடம் தூக்கிக்கொண்டு போவதும், தர்காவில் ஓதி ஊதச் சொல்வதும், உப்பையும் மிளகாயையும் சுற்றி அடுப்பில் போட்டு, நெடி வராவிட்டால் கண்ணேறு பலமாக விழுந்திருக்கிறது என்று கன்னத்தில் கைவைத்துக்கொள்வதும் இங்கே மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் வரை எல்லாத் தெருவிலும் உண்டு. அமாவாசை நாள்களில் மேல்மலையனூருக்குப் புறப்படும் பேருந்துகளில் தலையை விரித்துப் போட்டபடி வெறித்த பார்வையுடன் உட்கார்ந்திருக்கும் பெண்களையும், அவர்களின் தோளை அணைத்துப் பிடித்திருக்கும் தாய்மார்களையும் நான் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். ஜப்பானிலும் உப்பு தூய்மைக்கு உரியது. சுமோ மல்லர்கள் களத்தில் உப்பை வீசுகிறார்கள். இறுதிச் சடங்குக்குப் போய்வந்தவர்கள் வீட்டுக்குள் நுழையும் முன் உப்பைத் தூவிக்கொள்கிறார்கள். ரெய்கென் உப்பை அள்ளி வீசும் காட்சியை முதன்முதலில் பார்த்தபோது வேற்று நாட்டுக் கதையைப் பார்க்கிறோம் என்ற உணர்வே எனக்கு எழவில்லை.

அவருடைய அலுவலகத்துக்கு வருபவர்களைக் கவனித்துப் பாருங்கள். தோளில் ஏதோ ஏறி உட்கார்ந்திருப்பதுபோலக் கனக்கிறது என்று ஒருவர் வருகிறார். ரெய்கென் அவரைப் படுக்க வைத்து, ஆவியை இறக்குவதாகச் சொல்லிக்கொண்டே தசைகளை நன்றாகப் பிடித்துவிடுகிறார். வந்தவர் தோளைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டு மகிழ்ச்சியாகப் போகிறார். புகைப்படத்தில் ஆவி விழுந்திருக்கிறது என்று வருபவருக்குக் கணினியில் அந்தப் பகுதியை அழித்துக் கொடுக்கிறார். சொல்வது பொய். செய்வது ஏதோ ஒரு வகையில் உதவி. எங்கள் தெருவில் மந்திரிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். யார் வந்தாலும் வேப்பிலையைக் கையில் எடுப்பதற்கு முன், "சாப்டியாம்மா? ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்பார். அதைக் கேட்டதுமே அழத் தொடங்கிவிடுபவர்கள் உண்டு. மாமியார், கடன், குடிக்கும் கணவன் என்று எல்லாம் வெளியே வரும். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில்தான் விபூதியை எடுப்பார்.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பேய் பிடித்திருக்கிறது என்ற நம்பிக்கை நம் மண்ணில் மனிதர்களைச் சங்கிலியில் கட்டியிருக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியின் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்த நிலையிலேயே 28 பேர் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியை மறந்துவிட்டு மந்திரவாதியை மென்மையாகப் பேச என்னால் முடியாது. ரெய்கெனை நான் விரும்புவதற்கு முக்கியமான காரணம், ஏமாற்றுக்காரராக இருந்தும் அவர் யாரையும் கட்டிப்போடுவதில்லை, அடிப்பதில்லை, அச்சுறுத்திப் பணம் பிடுங்குவதில்லை என்பதுதான். இந்த வேறுபாட்டைத் தொடர் முதல் எபிசோடிலிருந்தே கூர்மையாகக் காக்கிறது. அதன் மறுமுனையில் நிற்பவரை இரண்டாம் சீசனில் கொண்டுவருகிறது. அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடில்தான் நூறுக்குப் பிறகான அந்த நிமிடங்களை முதன்முதலாக உணர்ந்தேன். தெருகி ஹனசாவா என்ற சிறுவன், மாப்பைப் போலவே ஆற்றல் உள்ளவன், தன்னைத் தவிர வேறு யாரும் சிறப்பானவர்கள் இல்லை என்று நம்பி வளர்ந்தவன். மாப்போ மனிதர்மேல் ஆற்றலைப் பயன்படுத்தமாட்டேன் என்று நிற்கிறான். எவ்வளவு அடித்தாலும் திருப்பி அடிப்பதில்லை. தெருகிக்கு அந்த மறுப்பே அவமானமாகப் படுகிறது. இறுதியில் மாப்பின் கழுத்தை நெரித்து நினைவிழக்கச் செய்கிறான். நினைவிழந்த மாப்புக்குள்ளிருந்து, எண்ணுக்கு அடங்காத ஒன்று, மூன்று கேள்விக்குறிகளால் மட்டுமே திரை குறிக்கும் ஒன்று, எழுந்து நிற்கிறது. பள்ளிக்கூடமே பெயர்ந்து வானத்துக்குப் போகிறது. வழக்கமான கதையில் இத்துடன் வெற்றி முழக்கம் ஒலித்துவிடும். இங்கே மாப் கண் விழிக்கிறான், தான் என்ன செய்திருக்கிறோம் என்று பார்க்கிறான், அழுகிறான். அப்போதுதான் எண் நூறைத் தொடுகிறது, அது துயரத்தின் நூறு. அந்தத் துயரம் இடிந்த பள்ளியைத் திரும்பக் கட்டி வைக்கிறது. சண்டையில் வென்றவன் தோற்றவன் எதிரே அழுதுகொண்டு நிற்பதை நான் இதற்கு முன் எந்த அனிமேயிலும் இப்படிப் பார்த்ததில்லை.

அவன் ஏன் மறுத்தான் என்பதற்கான விடை அவனுடைய சிறுவயதில் இருக்கிறது. தன் ஆற்றலைக் கண்டு தானே பயந்துபோய் ரெய்கெனின் அலுவலகத்துக்கு வந்த குழந்தை மாப்பிடம், தொழிலையே மூடிவிடலாமா என்று சலிப்பில் இருந்த ரெய்கென், வாயில் வந்ததைச் சொல்கிறார். வேகமாக ஓடுபவர்கள் இருக்கிறார்கள், நன்றாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், உடல் நாற்றம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், உன் ஆற்றலும் அதுபோல ஓர் இயல்பு, அவ்வளவுதான், அதனால் நீ மனிதன் இல்லை என்று ஆகிவிடாது. அதை மற்றவர்கள் மேல் திருப்பாதே என்கிறார். அனுபவசாலி போல நடித்துச் சொன்ன சொற்கள் அவை. ஆனால் அந்தக் குழந்தை அவற்றை வாழ்க்கைக்கான ஒழுங்காக எடுத்துக்கொண்டுவிட்டது. சொன்னவர் பொய்யராக இருந்தும் சொன்னது மெய்யாக இருக்கும்போது அதை என்ன செய்வது என்ற கேள்வியை இந்தத் தொடர் கடைசி எபிசோடு வரை கீழே வைக்கவில்லை.

முதல் சீசனின் இறுதியில் இது அழகாகத் திரும்பி வருகிறது. உலகை ஆளப்போவதாகச் சொல்லிக்கொள்ளும் ஆற்றலாளர் கூட்டத்தின் நடுவில், மாப் கொல்லும் எல்லைக்கே தள்ளப்படும்போது, ரெய்கென் குறுக்கே வந்து, பிடிக்காதபோது ஓடிப்போவதில் தவறே இல்லை என்கிறார். வீரத்தைப் போதிக்கும் கதைகளைக் கேட்டே வளர்ந்த எனக்கு அந்தச் சொல் நெஞ்சில் பட்டது. எண் நூறைத் தொடுகிறது. திரையில் வரும் சொல் நன்றியுணர்வு. மாப்பின் ஆற்றல் முழுவதும் ரெய்கெனுக்குள் போய்விடுகிறது, அவருக்கே தெரியாமல். முதுகில் வாள் வெட்டு விழுந்தும் நிமிர்ந்து நிற்கும் அவர், எதிரில் நிற்கும் வளர்ந்த ஆண்களைப் பார்த்து, நீங்கள் ஊருக்குள் வந்து மற்றவர்களோடு சேர்ந்து வாழப் பயப்படும் சாதாரண மனிதர்கள்தான் என்று கண்டிக்கிறார். அவர்களில் ஒருவரையும் அவர் வெறுக்கவில்லை என்பதை அந்தக் குரலில் கேட்கலாம். குரல் கொடுத்த தகஹிரோ சகுராயின் பணியை இந்த இடத்தில் பாராட்டாமல் கடக்க முடியவில்லை.

இரண்டாம் சீசனின் முதல் எபிசோடை, இந்தத் தொடரை இதுவரை பார்க்காத யாருக்கேனும் காட்ட வேண்டுமென்றால் நான் தேர்ந்தெடுப்பேன். மாப் மாணவர் மன்றத் தேர்தலில் நிற்கிறான். மேடையேறி ஒரு சொல்கூடப் பேச முடியாமல் நிற்கிறான். அதன்பின் எமி என்ற மாணவி தன்னோடு பழகுமாறு கேட்கிறாள். இருவரும் பள்ளி முடிந்து சேர்ந்து நடக்கிறார்கள். அவள் நாவல் எழுதுகிறாள். அவனுக்குப் படிக்கக் கொடுக்கிறாள். அவன் படிக்கிறான், தான் உணர்ந்ததைச் சொல்கிறான். பிறகுதான் தெரிகிறது, தோழிகளின் விளையாட்டுக்காகத்தான் அவள் அவனிடம் பேசினாள் என்பது. அதே தோழிகள் அவள் எழுதியதைக் கிழித்து எறிகிறார்கள். எமி தனக்கும் அதில் பெரிய அக்கறை இல்லை என்பதுபோலச் சிரித்துச் சமாளிக்கிறாள். மாப் எதுவும் சொல்லாமல் மண்டியிட்டுத் தாள்துண்டுகளைப் பொறுக்கத் தொடங்குகிறான்.

இந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அவனால் விரலசைக்காமல் அந்தத் தாள்களைச் சேர்த்துவிட முடியும். நமக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் கையால் பொறுக்குகிறான். எமியும் உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கிய பிறகு காற்று வீசி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும்போதுதான் ஆற்றலைப் பயன்படுத்துகிறான். கிழிந்த தாள்கள் வானத்தில் சுழன்று ஒன்றுசேர்ந்து அவள் கையில் இறங்குகின்றன. கட்டடங்களைப் பெயர்க்கும் ஆற்றல், பள்ளி மாணவியின் கையெழுத்துப் படியை ஒட்டவைக்கச் செலவிடப்படுகிறது. எழுதியதைக் கிழித்துவிட்டு, யார் படிக்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அனுபவம் உள்ள யாரும் இந்தக் காட்சியை எளிதாகத் தாண்டமாட்டார்கள்.

நான்காவது, ஐந்தாவது எபிசோடுகள் இருண்டவை. கெய்ஜி மொகாமி என்பவர் ஒரு காலத்தில் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற உண்மையான ஆற்றலாளர். நோயுற்ற தாயின் மருத்துவச் செலவுக்காகச் சாபமிட்டுக் கொல்லும் தொழிலில் இறங்கி, இறுதியில் தானே கொடிய ஆவியாகிப் போனவர். நான் முன்பு சொன்ன மறுமுனை இவர்தான். ஆற்றல் முழுதாக இருந்தும் அறம் அற்றுப்போனவர். ரெய்கெனை அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்த உருவம். மினோரி என்ற செல்வந்தர் வீட்டுப் பெண்ணின் உடலில் குடியிருக்கும் அவர், மாப்பைத் தன் மன உலகுக்குள் இழுத்து, ஆற்றலும் குடும்பமும் குருவும் இல்லாத வாழ்க்கையில் ஆறு மாதம் அடைத்துவைக்கிறார். அங்கே மாப் பள்ளியில் ஒவ்வொரு நாளும் அவமானப்படுத்தப்படுகிறான். அவனுக்கு ஆறுதலாக இருப்பது ஒரு பூனை மட்டுமே.

இந்த எபிசோடுகளை என் அக்கா மகனோடு சேர்ந்து பார்த்தேன். அவன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். மாப்பும் நம் கணக்கில் எட்டாம் வகுப்புதான். சண்டைக் காட்சிகளில் துள்ளிக்கொண்டிருந்தவன், வகுப்பறையில் மாப்பைச் சுற்றி மற்றவர்கள் நின்று சிரிக்கும்போது அசையாமல் இருந்தான். எபிசோடு முடிந்த பிறகு, "எங்க கிளாஸ்லயும் ஒருத்தன் இருக்கான் மாமா. அவன்கூட உக்காந்து யாரும் சாப்புட மாட்டாங்க" என்றான். "நீ?" என்று கேட்டேன். "நானுந்தான்" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பையனின் பெயர் எங்கள் வீட்டுப் பேச்சில் அடிக்கடி வரத் தொடங்கியது. மாப் அந்தப் போலி உலகிலிருந்து மீண்டு வந்து, தன்னை அங்கே துன்புறுத்திய அதே மினோரியைக் காப்பாற்றுகிறான் என்பதும், விழித்தெழும் மினோரி மன்னிப்புக் கேட்கிறாள் என்பதும் இருவருக்கும் முக்கியமாகப் பட்டன. அக்கா மகனுக்கு அவள் மன்னிப்புக் கேட்டது போதவில்லை. எனக்குப் போதும் என்று தோன்றியது. அந்தப் பெண்ணும் தனியாக அடைக்கப்பட்டிருந்தவள்தானே.

இனி ஆறாவதும் ஏழாவதும். இந்தத் தொடர் முழுவதிலும் இவைதான் உச்சம் என்பது என் முடிவு, இத்தனைக்கும் இவற்றில் சொல்லிக்கொள்ளும்படி எந்தச் சண்டையும் இல்லை. மாப்புக்கு நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள். குரு கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஓடிவர முடிவதில்லை. ரெய்கெனுக்கு அது பொறாமையாக மாறி, சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறார். மாப் கோபப்பட்டு வெடிக்கவில்லை, போய்விடுகிறான். எண் ஏறாமலே ஒரு உறவு முறிகிறது. ரெய்கெனின் பிறந்தநாள் வருகிறது. வாழ்த்து வருவது தாயிடமிருந்து மட்டும். அதிலும் ஒழுங்கான வேலையொன்றைத் தேடிக்கொள்ளச் சொல்லும் அறிவுரை. அவருக்கு நண்பர்கள் என்று யாருமே இல்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. இத்தனை எபிசோடுகளாக அவருடைய வாய்ப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தும் நாம் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவு சாமர்த்தியமாக அந்த மனிதர் தன் தனிமையை மறைத்து வைத்திருந்தார்.

பிறகு தனியாகவே தொழிலைப் பெருக்குகிறார், தொலைக்காட்சிக்குப் போகிறார், அங்கே பேய் பிடித்ததுபோல நடிக்கும் சிறுவனை வைத்து அவரை வீழ்த்துகிறார்கள். நாடே அவரை ஏமாற்றுக்காரர் என்கிறது. அது உண்மையும்கூட. ஏழாவது எபிசோடின் பத்திரிகையாளர் கூட்டம், இயக்குநர்களும் நடிக்க வருபவர்களும் படித்துப் பார்க்க வேண்டிய காட்சி. ஒளிவிளக்குகள், கேள்விகள், வியர்வை. முதலில் வழக்கம்போல வார்த்தைகளால் எல்லோரையும் சுற்றி வருகிறார். கிட்டத்தட்டத் தப்பித்தும் விடுகிறார். எப்போது, எதனால் இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள் என்ற வகையில் வரும் கேள்வி அவரை நிறுத்திவிடுகிறது. அவருக்கு நினைவு வருவது, கவலையோடு தன் கதவைத் தட்டிய அந்தக் குழந்தை. அதன்பின் அவர் பத்திரிகையாளர்களிடம் பேசவில்லை. எங்கோ இருந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவனிடம், நீ வளர்ந்துவிட்டாய் என்று சொல்கிறார். அப்போது அறையில் உள்ள பொருள்கள் எல்லாம் தரையை விட்டு எழுகின்றன. கூட்டம் அதிர்ந்து நிற்கிறது. அவர் மெல்ல எழுந்து வெளியேறுகிறார்.

வெளியே மாப் காத்திருக்கிறான். தான் உண்மையில் யார் என்பது தெரியுமா என்று ரெய்கென் கேட்கிறார். முதலிலிருந்தே தெரியும், என் குரு நல்ல மனிதர் என்று மாப் சொல்கிறான். பொய்யைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் கேள்விக்கு இவ்வளவு நேராக விடை சொல்ல முடியும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. தெரிந்தே விட்டுவைத்தான் என்றோ, தெரியாமலே அன்பு வைத்தான் என்றோ இதைச் சுருக்கிவிட முடியாது. ஆற்றல் என்பது ஓர் இயல்பு மட்டுமே என்று அந்தப் பொய்யர் கற்றுக்கொடுத்த பாடத்தை மாணவன் ஆசிரியருக்கே திருப்பிப் பயன்படுத்துகிறான்: ஆற்றல் இல்லாமல் இருப்பதும் ஓர் இயல்புதான்.

இதன் பின் இரண்டாம் சீசனின் எஞ்சிய எபிசோடுகளில் வரும் பெரும்போரை நான் விரைவாகக் கடந்துவிடுகிறேன். அசைவூட்டத்தில் அது போன்ஸ் ஸ்டூடியோவின் சிறந்த பணிகளில் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே நகரம் இடிவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். அந்தப் போரின் முடிவில் மாப்பின் சட்டைப்பையில் இருந்த விதைகளால் நகரத்தின் நடுவே வானளாவிய பிராக்கோலி முளைப்பதும், மூன்றாம் சீசனில் மக்கள் அதைத் தெய்வமாக வழிபடத் தொடங்குவதும் எனக்கு மிகவும் பிடித்தவை. மரத்தின் அடியில் கல்லை நட்டு மஞ்சள் துணி சுற்றிய மறுநாளே விளக்கேறும் ஊர்களில் வாழும் நமக்கு அந்தப் பக்தி எப்படிப் பிறக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த வழிபாட்டின் உள்ளே டிம்பிள் இருக்கிறது. முதல் சீசனில் எதிரியாக வந்து, மாப்பிடம் தோற்று, அவன் தோளருகே மிதந்துகொண்டே வந்த பச்சை நிற ஆவி. கடவுளாக வேண்டும் என்பது அதன் நெடுநாள் ஆசை. கடவுளாகும் வாய்ப்பு கைக்கு வந்ததும் அது உணர்வது, தன்னை வணங்கும் ஊர் முழுவதையும்விடத் தன்னோடு பேச ஒருவன் இருப்பது பெரிது என்பதை. மாப் அதோடு நண்பனாகப் பேச வருகிறான். மூன்றாம் சீசனின் ஆறாவது எபிசோடில் அவனைத் தப்பவிட டிம்பிள் தன்னைக் கொடுத்துவிடும்போது, அகியோ ஓட்சுகாவின் கரகரத்த குரலில் அதுவரை இருந்த எகத்தாளம் அத்தனையும் வடிந்துபோகிறது. நான் அழுதேன், ஆவி செத்ததற்கு அழுதேன் என்று சொல்வது எப்படிக் கேட்கும் என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

அதற்கு அடுத்து வரும் பறக்கும் தட்டு எபிசோடுகளைத் தேவையற்றவை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அவர்களோடு நான் முழுமையாக மாறுபடுகிறேன். வேற்றுக்கிரகவாசிகளோடு பேச வேண்டும் என்று பள்ளிக் காலம் முழுக்கக் கனவு கண்ட தோமே, பள்ளியை விட்டுப் போகும் காலத்தில் நண்பர்களோடு மலையேறுகிறாள். ரெய்கென் வண்டி ஓட்டுகிறார். மாப் தன் ஆற்றலை, யாருடைய உயிருக்கும் ஆபத்து இல்லாத, எந்த எதிரியும் இல்லாத ஒரு மாலையில், தோழி ஒருத்தியின் ஆசைக்காகக் கொடுக்கிறான். வானத்திலிருந்து அவர்கள் வந்தும் விடுகிறார்கள். எமியின் தாள்களை ஒட்டியவன் செய்யக்கூடியது இதுதான்.

இறுதி நான்கு எபிசோடுகளைக் கடலூர்க்காரன் ஒருவன் பார்க்கும் விதம் கொஞ்சம் வேறாகத்தான் இருக்கும். ஊரைவிட்டுப் போகப்போகும் சிறுவயதுத் தோழி சுபோமியிடம் தன் காதலைச் சொல்லக் கையில் பூங்கொத்தோடு புறப்படும் மாப், வழியில் வாகனம் மோதி நினைவிழக்கிறான். அந்த மூன்று கேள்விக்குறிகள் எழுந்து நடக்கத் தொடங்குகின்றன. பூங்கொத்தைப் பிடித்தபடி, அவனைச் சுற்றிப் புயல். அது நகர நகரச் சாலை உரிகிறது, கட்டடங்கள் பறக்கின்றன. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது நான் மஞ்சக்குப்பத்தில் இருந்தேன். தகரக் கூரைகள் தெருவில் இழுபடும் ஓசையை அந்த இரவில் வீட்டுக்குள் இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. விடிந்த பின் பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு கிடந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வாடகை ஜெனரேட்டரைத் தெருத்தெருவாக இழுத்துப்போய் ஒவ்வொரு வீட்டுத் தொட்டியிலும் தண்ணீர் ஏற்றினார்கள். புயலைப் பார்த்தவர்களுக்கு அதன் வேகத்தைவிட அடுத்த நாள் யார் கதவைத் தட்டினார்கள் என்பதுதான் அதிகம் நினைவிருக்கிறது.

அந்தக் கண்ணோடு பார்க்கும்போது, இறுதி எபிசோடுகளில் புயலை நோக்கி ஒவ்வொருவராக நடந்துவருவது எனக்கு மிகப் பெரிதாகத் தெரிந்தது. தெருகி வருகிறான். தம்பி ரிட்சு வருகிறான், சிறுவயதில் இதே ஆற்றலால் அடிபட்டு அண்ணனைக் கண்டு அஞ்சியே வளர்ந்தவன், இப்போது அஞ்சாமல் எதிரே நிற்கிறான். கடைசியாக, எந்த ஆற்றலும் இல்லாத ரெய்கென். அங்கே போய் அவர் செய்வது ஒன்றே ஒன்றுதான்: எனக்கு ஆற்றல் எதுவும் இல்லை, இத்தனை காலம் பொய் சொன்னேன் என்று தன் வாயால் சொல்கிறார். பத்திரிகையாளர் கூட்டத்தில் தப்பித்த மனிதர் இங்கே தப்பிக்க முயலவில்லை. மாப்புக்கு முன்பே தெரியும். ஆனாலும் சொல்லப்பட வேண்டியிருந்தது. தன்னைப் பற்றிய மோசமான உண்மையைக் குரு வெளியே எடுத்து வைத்த பிறகுதான், மாணவன் தனக்குள் பூட்டி வைத்த அந்த இன்னொருவனை, கேள்விக்குறிகளாலான அவனை, தன்னில் ஒருவனாக ஏற்றுக்கொள்கிறான்.

அதன்பின் மாப் சுபோமியிடம் போய்ச் சொல்லவேண்டியதைச் சொல்கிறான். அவள் மறுத்துவிடுகிறாள். அவன் அழுகிறான். இத்தனை எபிசோடுகள் கழித்து அவனுக்கு இந்த அளவாவது கொடுத்திருக்கலாமே என்று வருந்தும் ரசிகர்களைச் சந்தித்திருக்கிறேன். கொடுத்திருந்தால் தொடர் தன் சொல்லை மீறியிருக்கும். முதல் எபிசோடிலிருந்து ஆற்றலுக்குப் பரிசு உண்டு என்று அது சொன்னதே இல்லை. சுபோமி அவனை அவனுடைய ஆற்றலுக்காக வியக்காதவள் என்பதால்தான் அவன் அவளை விரும்பினான். அவளும் புயலைக் கண்டு மதிப்பை மாற்றிக்கொள்ளாமல், எதிரே நிற்கும் பையனுக்கு நேர்மையாக விடை சொன்னாள். அவனுடைய அழுகைக்கு எந்தச் சதவீதக் கணக்கும் தேவைப்படவில்லை.

ஒரு பிறந்தநாளில் தனியாக உட்கார்ந்திருந்த ரெய்கெனுக்கு, கடைசிக் காட்சியில் எல்லோரும் சேர்ந்து அவருக்குத் தெரியாமலே பிறந்தநாள் கொண்டாட்டம் ஏற்பாடு செய்கிறார்கள். அங்கே மாப் வாய்விட்டுச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைத்தான் தொடரின் மிகச் சிறந்த கணம் என்று நான் சொல்கிறேன். அக்கா மகன் ஒப்புக்கொள்ளவில்லை. ரெய்கெனின் முதுகில் வாள் விழுந்தும் அவர் நிமிர்ந்து நின்ற இடத்துக்கு ஈடு எதுவும் இல்லை என்கிறான். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. வரும் விடுமுறையில் முதல் சீசனிலிருந்து மறுபடியும் தொடங்கப் போகிறோம்.